நடுவில் பதினாறு கட்டம்

அத்தியாயம் 11

பழைய சால்வைகளுக்கு அடியில், வேறு எதற்கோ உரிய உறைக்குள் அம்மா ஒளித்து வைத்திருந்த சிடியைக் குண்டூசி கண்டெடுத்து இன்றோடு பதினேழு நாள். "சார், இந்தப் பாட்டை நாலு கிதாருக்கு எழுதித் தருவீங்களா? காலேஜ் விழாவுல நாங்க நாலு பேரும் வாசிக்கணும்" என்று அவள் கேட்டாள். யார் பாட்டு, என்ன பாட்டு என்று விசாரிக்காமல் வாத்தியாரும் தலையாட்டிவிட்டார்.

தகட்டின் மேல் எழுதியிருந்த பெயரை அவர் படித்தது தலையாட்டிய பிறகுதான். அது குண்டூசியைப் பெற்ற அப்பாவின் பெயர். அதாவது, வாத்தியாருடைய மனைவியின் முதல் கணவர்.

ஆட்டிய தலையை ஆட்டியதுதான். திருப்பி ஆட்ட முடியுமா?

மனைவியிடம் அன்றைக்கே சொன்னார். "உங்க இஷ்டம்" என்றாள் அவள். அந்த இரண்டு வார்த்தைக்கு என்னென்ன அர்த்தம் உண்டு, எந்த அர்த்தம் மட்டும் கிடையாது என்பது குடித்தனம் நடத்தியவர்களுக்குத் தெரியும்.

விழா வருகிற புதன்கிழமை. இன்று சனிக்கிழமை. நாலு மணிக்கு ஒத்திகை. அதற்குள் எழுதி முடித்தாக வேண்டும்.

காலை பத்தரை மணிக்கு வாத்தியார் சாப்பாட்டு மேஜையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கிதார். காதில் ஹெட்ஃபோன். பக்கத்தில் ஆறிப்போன டீ. வாரத்தில் ஐந்து நாள் இரண்டு பள்ளிக்கூடங்களில், வகுப்புக்கு முப்பது பிள்ளைகள் வீதம், சுருதி சேராத கிதார்களைக் கேட்டுக் கேட்டு அவருடைய காது சனிக்கிழமை வந்தால் போதும் என்று காத்திருக்கும். அந்தச் சனிக்கிழமையும் போய்விட்டது.

இதே பாட்டை அவர் இருநூறு தடவையாவது கேட்டிருப்பார்.

பாட்டு என்னவோ எளிய பாட்டுதான். ஒரு பெண் பஸ்ஸிலிருந்து இறங்கப்போகிறாள். ஒருத்தன் "இறங்காதே" என்கிறான். அவ்வளவுதான் கதை. அதற்குப் பின்னால் ட்ரம்ஸும் பேஸும் இரண்டு எலெக்ட்ரிக் கிதாரும் சேர்ந்துகொண்டு கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்.

அந்தப் பெண் யார் என்று வாத்தியாருக்குத் தெரியும். இந்த நேரத்துக்கு அவள் மருந்துக்கடையில் நின்றபடி யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

எழுதுவதில் முதல் சிக்கல் அந்த "இறங்காதே"யில்தான் வந்தது. பன்னிரண்டு தடவை வரும் அந்தச் சொல். பன்னிரண்டு தடவையும் ஒரே ஸ்வரம். பாடுகிறவனுக்கு அது ஒரு குறையே இல்லை. முதலில் கெஞ்சுவான், அப்புறம் மிரட்டுவான், கடைசியில் தொண்டை கட்டிப்போய் முனகுவான். ஆனால் சொல்லை எடுத்துவிட்டு வெறும் கிதாரில் அந்த ஸ்வரத்தைப் பன்னிரண்டு தடவை வாசித்தால், மூடாத குழாயில் தண்ணீர் சொட்டுகிற மாதிரி இருக்கும்.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரே ஸ்வரம்தான்; ஆனால் கிதாரில் அது ஒரே இடத்தில் மட்டும் இல்லை. முதல் கம்பியை அழுத்தாமல் தட்டினால் வரும். இரண்டாவது கம்பியில், வீணை மெட்டு மாதிரி இருக்கிற ஐந்தாவது ஃப்ரெட்டில் அழுத்தினாலும் அதேதான் வரும். மூன்றாவது கம்பியில் ஒன்பதாவதிலும் வரும். முதலாவது பளிச்சென்று இருக்கும், இரண்டாவது கொஞ்சம் குழைந்து இருக்கும், மூன்றாவது போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்கும். மூன்று பேரிடம் அதைப் பிரித்துக் கொடுத்தார். நாலாவது ஆளுக்கு ஆறாவது கம்பியை ஒரு ஸ்வரம் கீழே இறக்கி, பேஸ் வேலையையும் உள்ளங்கையால் கிதார் பெட்டியைத் தட்டுகிற ட்ரம்ஸ் வேலையையும் சேர்த்துக் கட்டினார்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வந்திருந்தது.

மிச்சம் இருந்தது நடுவில் பதினாறு கட்டம், கட்டத்துக்கு நாலு எண்ணிக்கை.

அந்தப் பதினாறு கட்டத்தில் பாட்டு நின்றுவிடும். பாட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு கையில் இருக்கிற எலெக்ட்ரிக் கிதாரைப் பேச விடுவார். நீளமாக இழுத்து இழுத்து, கம்பியை வளைத்து, கடைசியில் ஒரு ஸ்வரத்தை எட்டு எண்ணுகிற வரைக்கும் நிறுத்திப் பிடிப்பார். குண்டூசியும் அவள் சிநேகிதிகளும் வாசிப்பதோ நைலான் கம்பி போட்ட கிதார். அதில் தட்டிய ஸ்வரம் இரண்டு எண்ணுவதற்குள் செத்துப்போகும்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். பிறகு பென்சிலை எடுத்து இரண்டு கோடு போட்டார். 'இங்கிருந்து கடைசிச் சரணம்' என்று எழுதினார்.

மனசுக்குள் ஏதோ ஒன்று லேசாக இனித்தது. வேலை முடிந்த நிம்மதி என்று அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டார்.

கதவு திறந்த வேகத்திலேயே வருவது யார் என்று தெரிந்தது.

குண்டூசிக்கு வயது பத்தொன்பது. ஒல்லியாக இருப்பதால் வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். குத்துவதால் வந்த பெயர் என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும். ஒன்பது வயதில் கிதார் கற்றுக்கொள்ள அவரிடம் வந்தாள். பதினொன்றாவது வயதில் அவளுடைய அம்மா அவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். பள்ளிக்கூடத்து சார் வீட்டு சாராக மாறினாரே தவிர, சார் அப்பாவாக மாறவில்லை. அவரும் கேட்டதில்லை.

"முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுது. எடுத்துக்கோ."

அவள் நின்றபடியே படித்தாள். ஒரு கையில் காகிதம். மறு கையின் விரல்கள் காற்றில் கம்பி தேடிக்கொண்டிருந்தன. "இறங்காதே" வந்த இடத்தில் உதடு விரிந்தது.

"சார்! மூணு பேருக்குமா பிரிச்சீங்க? பின்னிட்டீங்க சார்!"

வாத்தியார் ஆறிய டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். அவள் அடுத்த தாளைப் புரட்டினாள். அதற்கடுத்த தாளைப் புரட்டினாள். திரும்பவும் முந்தின தாளுக்குப் போனாள்.

"நடுவுல எங்க சார்?"

"எது?"

"எதுன்னா? சோலோ."

"அது இதுல வராதும்மா. நைலான் கம்பி. இழுத்து நிறுத்தற ஸ்வரம் நிக்காது."

"நிக்காதுன்னா ட்ரெமலோ போடலாமே. மூணு விரலால மாத்தி மாத்தி ஒரே கம்பியைத் தட்டிக்கிட்டே இருந்தா அறுபடாம கேக்கும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? ஆறு மாசம் வேற ஒண்ணுமே வாசிக்க விடாம அதையே பண்ண வெச்சீங்களே!"

"அது மெதுவான பாட்டுக்கு."

"இதுவும் அந்த இடத்துல மெதுவாத்தானே போகுது?"

வாத்தியார் தேவையே இல்லாமல் ஹெட்ஃபோன் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

"நேரமும் இல்லம்மா. நாலு மணிக்கு ஒத்திகை. உனக்கே தெரியும்."

குண்டூசி காகிதங்களை மேஜை மேல் தட்டி ஓரம் சேர்த்தாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"உங்களுக்கு அவரைப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க சார். அது தப்பில்ல. பாவம், கம்பி மேல பழி போடாதீங்க."

"குண்டூசி..."

"நகல் எடுக்கக் கடைக்குப் போறேன். அப்படியே காலேஜ்."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ஓங்கி அடிக்கவில்லை. சத்தமே வராமல் மெதுவாகச் சாத்தினாள். அதுதான் உறைத்தது.

வாத்தியார் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். துணி காயப்போட்டார். கொடியில் போட்ட துணியையே மறுபடி எடுத்து உதறிப் போட்டார். பிறகு வந்து உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

இருநூறு தடவை கேட்டிருந்தாலும் அந்தப் பதினாறு கட்டத்தை அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. எப்போது முடியும் என்று காத்திருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

பாட்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொரு கட்டமாக எழுதினார். ஏதாவது அலட்டல் இருக்கும், விரல் வேகத்தைக் காட்டுகிற சர்க்கஸ் இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம். முதல் நாலு கட்டம் அந்தப் பழைய ஒரே ஸ்வரம்தான். சொல் இல்லாத "இறங்காதே". ஐந்தாவது கட்டத்தில் அது வழி தவறுகிறது. எங்கெங்கோ போய்த் தேடுகிறது. பதினொன்றில் விரல் வழுக்கிக் கம்பி கரகரக்கிறது. அதை அழிக்காமல் அப்படியே விட்டிருந்தார் மனுஷன். அதற்கப்புறம்தான் அந்த எட்டு எண்ணிக்கை. அவள் இறங்கிவிட்டாள்; திரும்பிப் பார்த்தால் ரோட்டில் யாரும் இல்லை.

கடைசிச் சரணம் ஏன் அவ்வளவு அடங்கிப் போகிறது என்பது அது இருந்தால்தான் விளங்கும். அதை எடுத்துவிட்டால் ஒருத்தன் பன்னிரண்டு தடவை கத்திவிட்டுக் காரணமில்லாமல் களைத்துப்போகிறான்.

நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது, மட்டமாக இருக்கிறது என்று சொல்வதைவிட எத்தனை கஷ்டமாக இருக்கிறது!

ஒன்றே முக்கால் மணிக்கு எழுதி முடித்தார். ட்ரெமலோ போட்டுத் தானே வாசித்துப் பார்த்தார். முதல் தடவை விரல் பின்னிக்கொண்டது. இரண்டாவது தடவை பதினொன்று வரைக்கும் வந்தது. மூன்றாவது தடவை கடைசி எட்டும் அறுபடாமல் நின்றது.

தலையை நிமிர்த்தினால் எதிரே மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

மருந்துக்கடையில் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை அவளுக்கு இடைவேளை. எப்போது கதவைத் திறந்தாள் என்று தெரியவில்லை. பை தோளிலேயே தொங்கியது. ஒரு செருப்பு மட்டும் கழன்றிருந்தது.

"இன்னிக்குச் சீக்கிரமாவா?" என்றார்.

"மணி ரெண்டேகால்." பையை நாற்காலியில் போட்டாள். இன்னொரு நாற்காலியை இழுத்து, காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். காலையிலிருந்து நின்ற கால், செருப்பு வார் பதிந்து சிவந்திருந்தது. "அதை எதுக்கு வாசிக்கறீங்க?"

"எழுதணும்ல. முதல்ல வேண்டாம்னு எடுத்துட்டேன். அவ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா."

"எடுத்திருந்தீங்களா?"

"ம்."

"அப்படியே விட்டிருக்கலாமே." கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "ஒரு விஷயத்தைத்தான் நீங்களே சரியாப் பண்ணியிருக்கீங்க, அதையும் திருத்தியாச்சா?"

அவர் கிதாரைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். சாப்பாட்டைச் சூடாக்கி எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையை நிறுத்தினாள்.

"அந்த ரெக்கார்டிங் அன்னிக்கு இவளுக்கு அஞ்சு மாசம்."

இந்த எட்டு வருஷத்தில் அந்தப் பழைய வீட்டைப் பற்றி அவள் பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது.

"வீட்ல யாரும் இல்ல, இவளையும் தூக்கிட்டு நானும் கூடப் போனேன். ஸ்டூடியோ தரைக்குக் கீழ. வெளியில நீளமா ஒரு வராண்டா, ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி. கதவு மேல சிவப்பு விளக்கு. எரிஞ்சா திறக்கக்கூடாது. காலையில பத்து மணிக்கு எரிஞ்சுது. மதியம் இவளுக்கு உடம்பு கொதிக்க ஆரம்பிச்சுது."

"ம்."

"மூணு தடவை கதவைத் தட்டினேன். மூணு தடவையும் உள்ள இருந்து ஒரு ஆள் தலையை நீட்டி, 'இந்த ஒரு டேக் மட்டும்தான்க்கா'ன்னு சொல்லிட்டு மூடிக்கிட்டான். அந்தப் பதினாறு கட்டம்தான். திரும்பத் திரும்ப. கதவு வழியா கேட்டுக்கிட்டே இருந்தேன். நாலாவது தடவை தட்டறதுக்குள்ள இவளுக்குக் கண்ணு சொருகிடுச்சு."

அவள் தண்ணீர் எடுத்துக் குடித்தாள்.

"தூக்கிக்கிட்டு ஓடினேன். ஆட்டோ ஒண்ணும் கிடைக்கல. பஸ்ல போனேன். உள்ள இறங்காதே இறங்காதேன்னு பாட்டு. நான் வெளியில பஸ் ஏறிக்கிட்டிருக்கேன்."

"அவர் எப்ப வந்தார்?"

"மறுநாள் காலையில. ஆஸ்பத்திரிக்கு. மன்னிப்பெல்லாம் கேட்டார், இல்லைன்னு சொல்லல. கேட்டு முடிச்சதும் பாக்கெட்ல இருந்து ஹெட்ஃபோனை எடுத்தார். 'கேளேன், ஒரே ஒரு தடவை கேளேன்'னு என் காதுல மாட்டி விட்டார். பக்கத்துல கட்டில்ல இது படுத்திருக்கு, கையில ஊசி குத்தி வெச்சிருக்காங்க." சோற்றை விரலால் ஓரமாக ஒதுக்கினாள். "நல்லாத்தான் இருந்துச்சுங்க. அதுதான் எனக்கு ஆத்திரம்."

வாத்தியார் மனைவியின் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தார். அந்தக் கையில் சோறு இருந்தது.

"இதை அவகிட்ட..."

"சொல்லக்கூடாது." சட்டென்று நிமிர்ந்தாள். "வருஷத்துக்கு ரெண்டு ஃபோன், ஒரு பிறந்தநாள் வாழ்த்து. அதுல ஒரு அப்பாவைப் பண்ணி வெச்சிருக்கா அவ. நான் அதை உடைக்க மாட்டேன். நீங்களும் உடைக்கக்கூடாது."

"அப்போ நான் என்ன பண்ணட்டும்? எடுத்தேன்னா எனக்குப் பொறாமைன்னு நினைக்கிறா. போட்டேன்னா நீ அங்க வந்து உக்காந்து அதைக் கேக்கணும்."

"பொறாமை இல்லையா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லவும் தெம்பு வேண்டியிருக்கிறது. அது அவரிடம் இல்லை.

"இருந்துச்சு. காலையில."

"இப்போ?"

"இப்போ அசதியாத்தான் இருக்கு."

அவள் சிரித்தாள். அன்றைக்கு முதல் தடவையாக. சிரிப்பு முடிந்ததும் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"எனக்காக எடுக்காதீங்க. அவளுக்காகப் போடாதீங்க. அந்த மனுஷனை ரெண்டு பேரும் மறந்துடலாம். பாட்டுக்கு அது வேணுமா வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க. அந்த வேலைதானே உங்களுக்குத் தெரியும்?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. மனைவிக்கும் நிம்மதி, தனக்கும் நிம்மதி. கம்பி மேல் போட்ட பழி கம்பி மேலேயே கிடக்கும்.

"வேணும்" என்றார் வாத்தியார். "அது இல்லாட்டி பாட்டு நிக்காது."

அவள் தலையசைத்தாள். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"அப்ப போடுங்க. அந்த இடம் வர்றப்ப நான் வெளியில போய்த் தண்ணி குடிச்சிட்டு வர்றேன். பதினாறு கட்டம்னா எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாப்பது விநாடி."

"அவ்வளவுதானா?" என்றாள் அவள். ஏதோ ஏமாந்துபோனவள் மாதிரி.

கல்லூரியில் ஒத்திகை அறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வாத்தியார் ஏறிப் போனபோது நாலேகால் ஆகிவிட்டது.

நாலு பெண்களும் அரை வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். குண்டூசி, அவளுக்குப் பக்கத்தில் உயரம், அவளுக்குப் பக்கத்தில் கண்ணாடி, கடைசியில் கொட்டாவி. வாத்தியார் அவர்களை மனசுக்குள் அப்படித்தான் கூப்பிடுவார். கொட்டாவிக்குத்தான் பேஸும் ட்ரம்ஸும் கொடுத்திருந்தார். கை சும்மா இருந்தால் அந்தப் பெண் தூங்கிவிடும்.

யாரும் எழுந்திருக்கவில்லை. குண்டூசி நிமிர்ந்தே பார்க்கவில்லை. வாத்தியார் சுவரோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

வாசித்தார்கள். கொட்டாவி உள்ளங்கையால் பெட்டியைத் தட்ட, தாளம் தரை வழியாகக் காலில் ஏறியது. "இறங்காதே" வந்தது. உயரம் பளிச்சென்று சொன்னாள். கண்ணாடி குழைந்து சொன்னாள். குண்டூசி போர்வைக்குள்ளிருந்து சொன்னாள். காகிதத்தில் பார்த்ததைவிட நன்றாக இருந்தது. ஒரே சொல்லை மூன்று பேர் மூன்று காரணத்துக்காகச் சொல்கிற மாதிரி இருந்தது.

அப்புறம் அந்த இரண்டு கோடு வந்தது. நேரே கடைசிச் சரணத்துக்குள் விழுந்தார்கள். படியில் ஒன்றைக் காணாமல் கால் வைத்த மாதிரி அறையே ஒரு தடவை தடுக்கியது. கொட்டாவிகூட நிமிர்ந்து பார்த்தாள்.

முடிந்ததும் வாத்தியார் எழுந்து போய், பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் குண்டூசியின் ஸ்டாண்டில் வைத்தார்.

"பதினாறு கட்டம். உனக்கு மட்டும். மத்த மூணு பேரும் அடியில ஸ்வரம் சேர்த்துப் பிடிச்சா போதும், அதையும் எழுதியிருக்கேன்."

அவள் தாளைப் பார்த்தாள்.

"கம்பி மேல பழி போட்டது தப்புதான்" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

"பரவாயில்ல சார்." அவள் இன்னும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினொண்ணாவது கட்டத்துல இந்தக் கரகரப்பையும் எழுதியிருக்கீங்களா?"

"அது இருக்கணும். அதைத் திருத்தி வாசிச்சுடாதே."

வாசித்தாள். நாலாவது கட்டத்திலேயே விரல் பின்னிக்கொண்டது. மறுபடி வாசித்தாள். மூன்றாவது தடவை பத்து வரைக்கும் போனாள். நாலு நாளில் வந்துவிடும் என்று வாத்தியாருக்குத் தோன்றியது. பிடிவாதம் ஒன்று போதும். அது அவளிடம் மூட்டை மூட்டையாக இருந்தது.

அவள் தொடையில் கையைத் தேய்த்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா கேட்டாங்களா இதை?"

"கேட்டா."

"என்ன சொன்னாங்க?"

வாத்தியார் பென்சிலைச் சட்டைப்பையில் செருகினார். "நல்லாத்தான் இருக்குன்னா."

அது பொய்யில்லை. ஆனாலும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

குண்டூசியின் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே! அதைப் பார்த்ததும் அவருக்கு அசதியெல்லாம் ஒரே மூச்சில் இரண்டு மடங்கானது.

"அப்பாடா" என்றாள். "சார், நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாளா முழிச்சுக்கிட்டிருந்தேன். இனிமே சொல்லலாம்."

"என்ன காரியம்?"

"பாட்டு எழுதினவர்கிட்ட அனுமதி வாங்கணும்னு எங்க புரொபசர் சொன்னாங்க. ஒரு கடுதாசி போதும்னாங்க. அதனால வியாழக்கிழமை அவருக்கு ஃபோன் பண்ணினேன்."

"குடுத்தாரா?"

"குடுத்தார். ரொம்ப நேரம் பேசவே இல்ல சார், லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம், 'நான் வரலாமா?'ன்னு கேட்டார்."

உயரமும் கண்ணாடியும் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கம்பி ஏறி ஏறிப் போய்க்கொண்டே இருந்தது.

"விழாவுக்கா?"

"புதன்கிழமை காலையில பஸ். சாயந்திரம் வந்துடுவார்." குண்டூசி அந்தப் புதுத் தாளை இரண்டு விரலால் தொட்டாள். "இன்னொண்ணும் கேட்டார். பன்னண்டு வருஷமா கிதாரைத் தொடலையாம். ஆனா இதை மட்டும் மறக்கலையாம். 'அந்த நடு பாகத்தை நான் வந்து வாசிக்கட்டுமா?'ன்னு கேட்டார் சார்."

வாத்தியார் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதல் வரிசையில் தன் பக்கத்தில் உட்காரப்போகிறவளை நினைத்தார். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று அவள் எழுந்திருக்கிற நேரத்தில் மேடையில் யார் இருப்பார் என்பதை நினைத்தார். எதிரே இருக்கிற இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியக்கூடாது என்று இன்று மதியம் கேட்டுக்கொண்டாயிற்று.

"நீ என்ன சொன்னே?"

"எழுதறது நீங்கதானே? அதனால சார்கிட்ட கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

அறையில் சுருதி சேர்ந்துவிட்டது. மூன்று பேரும் வாசிக்கத் தயாராகி இந்தப் பக்கம் பார்த்தார்கள்.

வாத்தியார் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"அவர் நம்பரைச் சொல்லு" என்றார். "நானே பேசறேன்."

அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். கடைசி எண்ணையும் எழுதி முடித்த பிறகு, அந்த மனிதரிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது என்று யோசித்துப் பார்த்தார். எட்டு வருஷமாக ஒரே குடும்பத்தில் இருக்கிறார்கள். அவரை எப்படிக் கூப்பிடுவது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.